உயரமான கம்பம்

அந்த ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநரை லிஃப்ட் மெக்கானிக் முதன்முதலில் சந்தித்தது மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில். லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டிருந்தது. உள்ளே இயக்குநரும் அவரைப் பார்க்க வந்த விருந்தாளிகள் இருவரும். மெக்கானிக் மேல்மாடிக் கதவைத் திறந்து குனிந்து டார்ச் அடித்தபோது கீழே இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். காப்பாற்றச் சொல்லி அல்ல. ஹெபடைடிஸ் சி என்னும் வைரஸ் மனிதகுலத்துக்கு விடுத்திருக்கும் சவாலைப் பற்றி. விருந்தாளிகள் வெளிச்சத்தை அண்ணாந்து பார்த்த பார்வையிலேயே, லிஃப்ட் நின்றதைவிடப் பேச்சு நிற்காததுதான் அவர்களுக்குப் பெரிய ஆபத்தாகப் பட்டிருக்கிறது என்று தெரிந்தது.

மெக்கானிக் கைகொடுத்து மூவரையும் மேலே இழுத்துவிட்டான். தான் கடைசியாகத்தான் ஏறுவேன் என்று இயக்குநர் அறிவித்தார். ஏறியதும் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, தன்னைத் தூக்கிய கைகளை ஏற இறங்கப் பார்த்தார். வயதைக் கேட்டார். குடிப்பழக்கம் உண்டா, மஞ்சள் காமாலை வந்தது உண்டா என்று கேட்டார். இல்லை என்றான். தடுப்பூசி ஆய்வுக்கு ஆரோக்கியமான ஆட்கள் வேண்டியிருக்கிறது, மனிதகுலத்துக்கு நீங்களும் ஏதாவது செய்யலாமே என்றார். லிஃப்ட் இன்னும் நடுவழியில் தொங்கிக்கொண்டிருந்தது. முதலில் இதை முடித்துவிட்டு மனிதகுலத்துக்கு வருகிறேன் என்று மெக்கானிக் சொன்னான்.

சொன்னபடி வந்தான். வரவழைத்தது இயக்குநரின் பேச்சு அல்ல, ஒரு கண்ணாடித் தடுப்பு. அவனுடைய அக்காவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் வேலையை விட்டுவிட்டன. பேருந்து நிலையத்து டிக்கெட் கவுன்டரில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரையே அதட்டிக்கொண்டிருந்தவள், இப்போது வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் இயந்திரத்தின் பக்கத்தில் படுத்து நர்ஸ்களை அதட்டிக்கொண்டிருந்தாள். அந்த அறையின் மூலையில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்குப் பின்னால் தனியாக இரண்டு இயந்திரங்கள். சிறுநீரகத்துக்கு வைத்தியம் பார்க்க வந்த இடத்தில் ரத்தம் வழியாக 'சி' தொற்றிக்கொண்டவர்களுக்கு அவை. ஏ-க்கும் பி-க்கும் தடுப்பூசி உண்டு, சி-க்கு இல்லை. வந்தபின் தீர்க்க மாத்திரை உண்டு. வராமல் தடுக்கத்தான் எதுவுமில்லை. அக்காவின் கட்டிலிலிருந்து பார்த்தால் அந்தத் தடுப்பு நேரே தெரியும். யாராவது புதிதாக அந்தப் பக்கம் மாற்றப்பட்டால் அன்றைக்கு அக்கா யாரையும் அதட்டமாட்டாள்.

ஆய்வின் விதிமுறைகளை அவனுக்கு விளக்கியவர் ஒருங்கிணைப்பாளர் அம்மா. கலகலவென்று பேசுகிறவர், ரகசியம் என்று தொடங்கினால் அது ஊருக்கே தெரியப்போகிறது என்று அர்த்தம். சேருபவர்களில் பாதிப் பேருக்கு நிஜத் தடுப்பூசி, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்பது போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது, போடுபவருக்கும் தெரியாது, இயக்குநருக்கும் தெரியாது. வெளியே வேறொரு நிறுவனத்தில் ஒரு புள்ளியியல்காரர் இருக்கிறார், அவருக்கு மட்டும்தான் தெரியும். இதற்குக் கண்கட்டு என்று பெயர். எடுக்கிற ரத்தத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு பங்கை உறையவைத்துவிடுவார்கள். ஆய்வு முடிந்த பிறகுதான் புள்ளியியல்காரர் வாயைத் திறப்பார். அதுவரை வெளியே எங்கேயும் போய் 'சி' பரிசோதனை செய்துகொள்ளக் கூடாது.

தடுப்பூசியைப் பற்றி இயக்குநரே வந்து ஒரு வகுப்பு எடுத்தார். சி வைரஸ் சட்டையை மாற்றிக்கொண்டே இருக்கிற பயல். போலீஸ் ஒரு சட்டையை அடையாளம் வைத்துத் தேடினால் அவன் வேறு சட்டையில் போலீஸ் பக்கத்திலேயே நின்று டீ குடிப்பான். அதனால்தான் இதுவரை வந்த தடுப்பூசிகளுக்கு உடம்பு சரியாகப் பதில் சொல்லவில்லை. இங்கே அவர்கள் தடுப்பூசியோடு ஒரு துணைப்பொருள் கலக்கிறார்கள். அது உடம்பைத் தட்டி எழுப்பி, சட்டையைப் பார்க்காதே, ஆளைப் பார் என்று சொல்லும். அந்தத் துணைப்பொருள் இயக்குநருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. அதைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் பெண் பார்க்க வந்தவர்களிடம் மகளைப் பற்றிப் பேசுகிற அப்பாவின் குரல் மாதிரி ஆகிவிடும்.

முதல் ஊசி போட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது ஊசிக்குப் பிறகு கொஞ்ச நாள் கழித்து மெக்கானிக்குக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. படி ஏறினால் கால் கெஞ்சியது. லிஃப்ட் மெக்கானிக் படி ஏறித்தான் ஆக வேண்டும். ஓடுகிற லிஃப்ட்டுக்கு அவனை யாரும் கூப்பிடுவதில்லை. நிலையத்துக்குப் போய்ச் சொன்னான். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கல்லீரல் கணக்கு கொஞ்சம் ஏறியிருந்தது. அவன் பயந்துபோனான். அவர்கள் சந்தோஷப்பட்டார்கள். உடம்பு வேலை செய்கிறது என்று அர்த்தம், துணைப்பொருள் சும்மா இல்லை, தட்டி எழுப்பும்போது வீடு கொஞ்சம் ஆடத்தான் செய்யும் என்றார் இயக்குநர். ஒரு வாரத்துக்கு ஓய்வெடுக்கச் சொன்னார்கள். அப்புறம் தானாகவே சரியாகிவிட்டது.

சில மாதம் கழித்து நிலையத்தின் அரங்கத்தில் ஒரு கூட்டம். தன்னார்வலர்களையும் அழைத்திருந்தார்கள், கடைசி வரிசையில். திரையில் ஒரு படம் போட்டார் இயக்குநர். ஒவ்வொருவர் உடம்பும் வைரஸை எவ்வளவு பலமாக எதிர்க்கத் தயாராகியிருக்கிறது என்பதைக் காட்டும் கம்பங்கள். பெயர் கிடையாது, யாருக்கு எது போட்டது என்பதும் கிடையாது. ஆனால் பாதிக் கம்பங்கள் தரையோடு தரையாகவும் மீதி முழங்கால் உயரத்திலும் இருக்க, ஒன்று மட்டும் திரையின் மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. இயக்குநர் குச்சியால் அதைத் தொட்டார். அது யாரென்று எங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது; ஆனால் இதுதான் எதிர்காலம் என்றார். அரங்கம் கைதட்டியது. மெக்கானிக்கும் கைதட்டினான். வெளியே வரும்போது ஒருங்கிணைப்பாளர் அம்மா அவன் முழங்கையை இடித்தார்.

"ரகசியம். யார்கிட்டயும் சொல்லாதீங்க. அந்த உயரமான கம்பம் நீங்கதான்."

பள்ளிக்கூடத்தில் எதிலுமே முதலாவதாக வந்திராத ஒருவனுக்கு நாற்பதை நெருங்கும் வயதில் தன் ரத்தம் முதல் ரேங்க் வாங்கியிருக்கிறது என்று தெரிந்தால் என்ன ஆகும்? நடையே மாறிவிட்டது. டயாலிசிஸ் அறைக்குப் போய் அக்காவிடம் சொன்னான். அத்தானிடம் சொன்னான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தவர்களிடம்கூட, இன்னும் கொஞ்ச நாள்தான், நம்ம ரத்தத்திலேயே வழி இருக்கிறது என்கிற தோரணையில் ஒரு சிரிப்பு சிரித்துவைத்தான். அக்கா கேட்டுவிட்டு, உயரமாக நிற்பது கம்பத்துக்குப் பெருமைதான், ஆனால் அதன் மேல் யாரோ கொடி ஏற்றிக்கொள்கிறார்கள் பார் என்றாள். அன்றிலிருந்து வீட்டில் அவனுக்குக் கம்பம் என்றே பெயர். "கம்பம் வந்துடுச்சு, கொஞ்சம் குனிஞ்சு வரச் சொல்லுங்க, நிலை இடிக்கும்."

இதற்கிடையில் அக்காவின் நிலைமை இறங்கிக்கொண்டிருந்தது. இயந்திரத்தோடு இணைக்க இடது கையில் செய்திருந்த ரத்தக்குழாய் அடைத்துவிட்டது. வலது கையில் செய்தார்கள், அதுவும் அடைத்தது. கழுத்தில் ஒரு குழாய் போட்டார்கள். குழாய் போட்டால் கிருமி வரும், கிருமி வந்தால் குழாயை மாற்ற வேண்டும், மாற்றுவதற்கு இடங்கள் தீர்ந்துகொண்டு வந்தன. இதயமும் களைக்க ஆரம்பித்திருந்தது. சிறுநீரக மருத்துவர் சுற்றி வளைத்துப் பேசாத மனுஷி. மாற்றுச் சிறுநீரகம் வைப்பதாக இருந்தால் சீக்கிரம் வைக்க வேண்டும், கொஞ்ச மாதம் போனால் நானே வேண்டாம் என்பேன் என்றார்.

அத்தான் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் குடுவைகளைக் கழுவி அடுக்குகிறவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசினால் தொண்டை வலிக்கும் என்பதுபோல் இருப்பவர். தன்னுடையதைத் தருகிறேன் என்று முதலில் போய் நின்றவர் அவர்தான். சர்க்கரை இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பேருந்து நிறுத்தம் வரை அழுதுகொண்டே வந்தார், சத்தமில்லாமல். அடுத்தது தம்பி, மெக்கானிக். ரத்த வகை பொருந்தியது, திசுவும் பொருந்தியது. அக்கா மட்டும் பொருந்தவில்லை. அவன் எதையும் நேரத்துக்குச் செய்ததில்லை, அவன் சிறுநீரகமும் மத்தியானத்துக்கு மேல்தான் எழுந்திருக்கும், எனக்கு வேண்டாம் என்றாள். மூன்று நாள் பிடிவாதம் பிடித்துவிட்டு, நான்காவது நாள் தூங்கி எழுந்ததும், எந்தப் பக்கத்துச் சிறுநீரகம் என்று கேட்டாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் மருத்துவமனையில் கொடையாளிக்குச் செய்யும் வழக்கமான பரிசோதனைகளில் ஒன்று, மெக்கானிக்குக்கு 'சி' எதிர்ப்புப்பொருள் இருப்பதாகச் சொல்லியது.

மருத்துவர் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து மெதுவாகச் சொன்னார். அவன் சிரித்துவிட்டான். பெருமையாகவே சொன்னான், அது நோய் இல்லைங்க டாக்டர், தடுப்பூசி. அங்கே நான்தான் முதல் ஆள் என்று. மருத்துவர் சிரிக்கவில்லை. ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்று தனியாகத் தேடச் சொன்னார். வைரஸ் இல்லை. ஆனாலும் மருத்துவமனைக் குழுவின் விதி ஒன்று இருந்தது. எதிர்ப்புப்பொருள் தடுப்பூசியால் வந்தது என்றால் பிரச்சினையே இல்லை, அடுத்த வாரமே அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கலாம். நோய் வந்து போனதால் என்றால், ஆறு மாதம் காத்திருந்து, திரும்பத் திரும்பப் பரிசோதித்து, வைரஸ் எங்கேயும் பதுங்கவில்லை என்று உறுதிப்படுத்திய பிறகுதான் சிறுநீரகத்தைத் தொடுவார்கள். மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்க மருந்து கொடுப்பார்கள். அந்த நேரத்தில் அக்காவின் உடம்புக்குள் 'சி' போனால் அதைத் தாங்க அவளிடம் தெம்பு இல்லை.

"ஆறு மாசம் உங்க அக்காகிட்ட இல்ல. அங்க போய், உங்களுக்குப் போட்டது தடுப்பூசிதான்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. அது போதும்."

ஒரு வார்த்தைதானே என்று போனான்.

ஒருங்கிணைப்பாளர் அம்மா விஷயத்தைக் கேட்டதும் அவருடைய கலகலப்பு அணைந்தது. வெளியே பரிசோதனை செய்துகொண்டீர்களா, கூடாது என்று சொன்னோமே என்றார். நான் கேட்டு எடுக்கவில்லை, மருத்துவமனையில் அவர்களே எடுத்தார்கள் என்றான். அதுவும் விதிமீறல்தான் என்று குறித்துக்கொண்டார். அதற்கு ஒரு தனிப் பெயரும் இருந்தது: விலகல். நேற்றுவரை எதிர்காலமாக இருந்தவன் இன்றைக்கு விலகலானான்.

இயக்குநர் அவனை அன்போடுதான் வரவேற்றார். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். கேட்டு முடிக்கும்வரை தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு விளக்கினார். யாருக்கு எது போட்டது என்பதை ஆய்வு முடியும்முன் வெளியிட ஒரே ஒரு சூழ்நிலையில்தான் இடம் உண்டு. ஆய்வில் பங்குபெறுபவரின் உயிருக்கு ஆபத்து இருக்க வேண்டும்.

"உயிருக்கு ஆபத்துதாங்க," என்றான் மெக்கானிக்.

"யாருக்கு?"

"எங்க அக்காவுக்கு."

இயக்குநர் உண்மையான வருத்தத்தோடு கைகளை விரித்தார். "அக்கா நம்ம ஆய்வுல இல்லையே தம்பி."

இதை ஒரு பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பலாம், அவர்கள் கூடும்போது பரிசீலிப்பார்கள் என்றார். எப்போது கூடுவார்கள் என்று கேட்டான். உறுப்பினர்கள் எல்லாம் பெரிய பெரிய ஆட்கள், பல ஊர்களில் இருக்கிறார்கள், ஆனால் கட்டாயம் கூடுவார்கள் என்றார். ஒரு மனிதனின் துயரத்துக்காக அறிவியலின் கண்கட்டை அவிழ்த்தால் நாளைக்கு மனிதகுலம் நம்மை மன்னிக்காது என்றும் சொன்னார். மெக்கானிக் அதை அப்படியே அக்காவிடம் போய்ச் சொன்னான். அக்கா கழுத்துக் குழாயோடு மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"மனிதகுலத்துல நான் இருக்கேனா இல்லையான்னு மட்டும் கேட்டுட்டு வாடா. இல்லைன்னா வேற குலத்துல சேந்துக்கறேன்."

வாரங்கள் போயின. குழு கூடவில்லை. ஒரு உறுப்பினருக்கு மகள் கல்யாணம், ஒருவர் மாநாட்டுக்குப் போயிருக்கிறார், ஒருவருக்கு இணைப்பு கிடைக்கவில்லை. மெக்கானிக் வேலைக்கு நடுவில் நிலையத்துக்குப் போவான். ஒருங்கிணைப்பாளர் அம்மா அவனைப் பார்த்ததும் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார், எதிர்முனையில் யாரும் இல்லாவிட்டாலும். ஆய்விலிருந்தே விலகிக்கொள்கிறேன், அப்போதாவது சொல்வீர்களா என்று கேட்டான். விலகினாலும் கண்கட்டு அவிழாது என்றார்கள். நிலையத்து லிஃப்ட்டை நிறுத்திவிட்டால் என்ன என்று அத்தான் ஒருநாள் கேட்டார். அவர் வாழ்க்கையிலேயே சொன்ன ஒரே அராஜகமான யோசனை அது. அதில் ஆய்வுக்கூடத்துப் பெண்களும் பெருக்குகிறவர்களும்தான் போகிறார்கள், இயக்குநர் பயந்துபோய், நடுவில் மாட்டிக்கொண்ட அன்றிலிருந்தே படியில்தான் ஏறுகிறார் என்று மெக்கானிக் சொன்னான். அத்தான் அதற்குப் பிறகு யோசனை எதுவும் சொல்லவில்லை.

அக்காவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. கழுத்துக் குழாயை எடுத்துத் தொடையில் போட்டார்கள். இதற்கு அப்புறம் இடமில்லை என்றார் மருத்துவர். அவரே இயக்குநரோடு தொலைபேசியில் பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது. பேசி முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். ஆனால் பலன் இருந்தது. குழு ஒருவழியாகக் கூடி, மனிதாபிமான அடிப்படையில் ஒரே ஒரு பங்கேற்பாளருக்கு மட்டும் உண்மையைச் சொல்லலாம் என்று முடிவெடுத்தது.

இங்கேதான் இயக்குநர் ஒரு தவறு செய்தார். ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் தான் இளகிய ஒரு தருணத்தை யாரும் பார்க்காமல் வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை. மெக்கானிக்கையும் அத்தானையும் தன் அறைக்கு வரவழைத்தார். ஒருங்கிணைப்பாளர் அம்மா, ஆய்வுக்கூடத்தில் இருந்து நாலைந்து பேர், படம் எடுக்கக் கைபேசியோடு ஒருவர். இயக்குநர் எழுந்து நின்று பேசினார். அறிவியலுக்கும் ஈரம் உண்டு என்றார். நம் தடுப்பூசி இதுவரை வைரஸிடமிருந்து ஓர் உயிரைக் காப்பாற்றியதாக நிரூபிக்க முடியவில்லை, ஆனால் இன்றைக்கு வேறொரு வழியில் ஓர் உயிரைக் காப்பாற்றப் போகிறது என்றார். அத்தான் கைகளைக் கட்டிக்கொண்டு, ஆசிரியர் முன்னால் நிற்கிறவரைப்போல நின்றார். பிறகு இயக்குநர் புள்ளியியல்காரருக்குத் தொலைபேசி போட்டு, எல்லாரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியை அழுத்திவிட்டார்.

எதிர்முனையில் ஒரு இளைஞனின் குரல். சாப்பாட்டு நேரமாக இருக்க வேண்டும், வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தான். மெக்கானிக்கின் எண்ணை இயக்குநர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது.

"உப்புத் தண்ணி, சார்."

இயக்குநர் எண்ணைத் திரும்பச் சொன்னார். அந்தக் குரல் திரும்பத் தட்டிப் பார்த்தது.

"ஆமா சார். ரெண்டு டோஸும் உப்புத் தண்ணிதான். வேற ஏதாவது வேணுமா சார்?"

கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தவருக்கு நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியவில்லை. இயக்குநர் ஒலிபெருக்கியை அணைக்கும் பொத்தானைத் தேடி, தவறான பொத்தானை அழுத்த, அறை முழுவதும் ஒரு இசை ஒலித்தது. அத்தான் எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அப்படின்னா... நல்ல சேதிதானேங்க?"

அவருக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பைக் கடைசியில் ஒருங்கிணைப்பாளர் அம்மா ஏற்றுக்கொண்டார். இந்த முறை அவர் ரகசியம் என்று தொடங்கவில்லை.

உறையவைத்திருந்த ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். இரண்டாவது ஊசிக்குப் பிறகு, அவனுக்குச் சாப்பாடு பிடிக்காமல் போன மாதத்து ரத்தத்தில், சி வைரஸ் கொழித்துக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த ரத்தத்தில் குறைந்திருந்தது. அதற்கும் அடுத்ததில் இல்லை. தடுப்பூசியின் வெற்றி என்று அவர்கள் கொண்டாடியது நோயை. அன்றைக்கே ஒரு பரிசோதனை செய்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் தங்கள் மருந்து வேலை செய்கிறது என்று நம்ப விரும்புகிற ஓர் அறையில் அது வேலை செய்யாமலும் இருக்கலாம் என்று யார் எழுந்து சொல்வது? திரையின் விளிம்பைத் தொட்ட அந்தக் கம்பத்துக்கும் துணைப்பொருளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தட்டி எழுப்ப யாரும் இல்லாமலேயே அவன் உடம்பு தானாக எழுந்து, சட்டை மாற்றுகிறவனைத் துரத்திப் பிடித்து, அடித்து முடித்துவிட்டு, திரும்பப் படுத்துக்கொண்டிருந்தது. நூறு பேருக்கு வந்தால் இருபது முப்பது பேருக்கு இப்படித் தானாகப் போய்விடுவது உண்டு என்று சிறுநீரக மருத்துவர் சொன்னார். அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. பல் பிடுங்கிய இடமா, சவரம் செய்துகொண்ட இடமா, லிஃப்ட்டின் இரும்புக் கயிற்றுப் பிசிறு குத்திக் கிழித்த விரல்களோடு யாருக்கோ உதவப் போன இடமா? மெக்கானிக் ஒவ்வொரு இடமாக நினைத்துப் பார்த்தான். கொஞ்ச நாள் கழித்து, நினைத்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டான்.

விதி விதிதான். ஆறு மாதம்.

அக்காவிடம் அவனே போய்ச் சொன்னான். முழுவதையும், உப்புத் தண்ணீரிலிருந்து. வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்திருந்தது எதுவும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்ததும் நினைவுக்கு வரவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அப்படியென்றால் நீ பரீட்சையில் முதலாவதுதான், எழுதிய பரீட்சைதான் வேறு என்றாள். பிறகு கண்ணாடித் தடுப்பைப் பார்த்துக்கொண்டு, இது உனக்கு என்னால் வந்ததா, இந்த அறைக்கு வந்து போனதால் வந்ததா என்று கேட்டாள். இல்லவே இல்லை என்றான். அவனுக்கு அது தெரியாது. தெரியாது என்பது அவளுக்கும் தெரிந்தது.

"பொய் சொல்றப்பவாவது நேரத்துக்குச் சொல்ற. பரவால்ல."

ஆறு மாதத்தை அக்கா இழுத்துப் பிடித்தாள். ஒவ்வொரு பரிசோதனையிலும் அவன் ரத்தம் சுத்தமாக இருந்தது. ஆறாவது மாதம் மருத்துவமனைக் குழு அவனை ஏற்றுக்கொண்டது. மருத்துவர் அவனுக்குக் கைகொடுத்தார். அதே வாரம் அக்காவின் இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். மயக்க மருந்து கொடுத்தால் மேசையிலேயே நின்றுவிடும் என்று மயக்க மருந்து மருத்துவர் சொன்னார். சிறுநீரக மருத்துவர் முன்பு எச்சரித்தது போலவே, அவரே வேண்டாம் என்றார். இப்போது மெக்கானிக்கிடம் எல்லாரும் ஒப்புக்கொண்ட, குறையே இல்லாத ஒரு சிறுநீரகம் உபரியாக இருந்தது.

அதற்குப் பிறகு அக்கா ஏழு வாரம் இருந்தாள். கடைசி நாட்களில் நர்ஸ்களை அதட்டுவதை விட்டுவிட்டாள். அதில்தான் அவர்களுக்கு விஷயம் புரிந்தது. ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இயந்திரத்துக்கு அவசியம் இல்லாமல் போய்விட்டது. அத்தான் அவளுடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, குடுவையைத் துடைப்பதுபோல் துடைத்துத் துடைத்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நிலையத்திலிருந்து ஒருங்கிணைப்பாளர் அம்மா இரங்கல் சொல்லத் தொலைபேசியில் கூப்பிட்டார். உண்மையாகவே அழுதார். மூக்கை உறிஞ்சிவிட்டு, இயக்குநர் பேச விரும்புகிறார் என்றார். இயக்குநரும் இரங்கல் தெரிவித்தார். சுருக்கமாகத்தான், ஏனென்றால் அடுத்த விஷயம் அவசரமாக இருந்தது. அவர் துணைப்பொருளைக் கைவிட்டுவிட்டார். அல்லது கைவிட்டதாக அவர் சொல்லவில்லை; ஆய்வு ஒரு புதிய திசையில் திரும்பியிருக்கிறது என்றார். மருந்தால் தட்டி எழுப்பி உண்டாக்க முடியாத எதிர்ப்பை உங்கள் உடம்பு தானாக உண்டாக்கியிருக்கிறது, அது எப்படி என்று தெரிந்தால் அடுத்த தடுப்பூசியை அதைப் பார்த்தே செய்துவிடலாம், கொஞ்சம் ரத்தம் வேண்டும் என்றார். படத்தில் அந்தக் கம்பம் இன்னும் இருக்கிறதாம், நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்களாம். மனிதகுலம் என்று தொடங்கினார். அந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிட்டார். அவருக்கு அது புதிய பழக்கம்.

போகாதே என்று அத்தான் சொல்வார் என மெக்கானிக் எதிர்பார்த்தான். அத்தான், அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இப்போது மூன்று இயந்திரம் ஆகிவிட்டது, நான் போன வாரம் மிச்ச மருந்துகளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பார்த்தேன் என்று மட்டும் சொன்னார். அந்த வாரத்தில் அவர் பேசியது அவ்வளவுதான்.

மெக்கானிக் போனான். லிஃப்ட் வேலை செய்தது; அவன் படியில் ஏறினான். ரத்தம் எடுக்கும் அறையில் புதிதாக வந்திருந்த நர்ஸ் ஒருத்தி இருந்தாள். அவனை அவளுக்குத் தெரியாது. எதிர்காலமாக இருந்ததும் தெரியாது, விலகலாக இருந்ததும் தெரியாது. முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டிப் பார்த்து, நல்ல நரம்பு என்று பாராட்டினாள். ஊசியை எடுப்பதற்கு முன், எல்லாரிடமும் கேட்கிற கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். சாப்பிட்டாச்சா, காய்ச்சல் இருந்ததா, மருந்து ஏதாவது எடுத்துக்கிறீங்களா.

"குடும்பத்துல யாருக்காவது கிட்னி வியாதி இருக்கா?"

அவன் யோசித்தான். அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இல்லைங்க," என்றான். "இப்ப யாருக்கும் இல்ல."